நிழற்குடையில் கொளஞ்சி

சாவுக்கு அழுவதில் கொளஞ்சியை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. செத்தது யாராக இருந்தாலும் சரி, முந்தின நாள்தான் குழாயடியில் அவளோடு குடுமிப்பிடிச் சண்டை போட்டவளாக இருந்தாலும் சரி, சேதி காதில் விழுந்ததும் கையிலிருந்ததைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடுவாள். போகிற வழியிலேயே முடியை அவிழ்த்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகி, தெருமுனையிலிருந்தே குரலெடுத்துவிடுவாள். காசுக்கு அழுகிறவள் இல்லை. கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்ப்பதுதான் அவள் பிழைப்பு. கல்யாணத்தில் அவளுக்குப் பின்வாசல், சாவில்தான் முன்வரிசை. அந்த முன்வரிசையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அவள் புருஷன் பலராமனுக்கு ஆரம்பத்தில் இது கூச்சமாகத்தான் இருந்தது. நீ போடுகிற கூச்சலில் செத்தவனே எழுந்து ஓடிவிடுவான் என்று கேலி செய்வான். அவள் சிரிக்கமாட்டாள்.

“ஒருத்தர் போறாங்கன்னா நாலு பேர் கத்தணும்யா. இல்லன்னா அவங்க இருந்ததே பொய்யாப் பூடும்” என்பாள்.

முதலியார்பேட்டைப் பக்கம், மூடிக் கிடக்கும் மில்லுக்குப் பின்னால், வாய்க்காலை ஒட்டிப் போகும் சந்தில் அவர்கள் குடியிருந்தார்கள். பலராமன் அந்த மில்லில் தறி ஓட்டியவன். மில்லை மூடிய பிறகு பெரிய மார்க்கெட்டில் கொஞ்ச காலம் மூட்டை தூக்கினான். இடுப்பு விட்டுப்போகவே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேனாக உட்கார்ந்தான். சந்து முழுக்க இப்படிப்பட்ட ஆட்கள்தான். எல்லாரும் வாடகைக்குடிகள். மாடிமேல் மாடியாக அடுக்கிய ஒற்றை அறைகள், ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பி ஏறுகிற படிக்கட்டு, கீழே பைக்குகள், அதற்குக் கீழே சாக்கடை.

வாடகைவீட்டில் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதிவைத்ததில்லை, யாரும் மீறியதுமில்லை. உயிரோடு இருக்கும்வரைதான் அது உன் வீடு. ஆஸ்பத்திரியில் செத்தால் பிணத்தை வீட்டு ஓனர் உள்ளே விடமாட்டார், வாசலில் வைக்கவும் விடமாட்டார். சாவு விழுந்த வீட்டுக்கு அடுத்த குடி வராது என்பது அவர் பயம். அதனால் ஊரில் பாதி ஏழைகள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குத்தான் போகிறார்கள். ஆம்பிளைகளுக்கு இதில் பெரிய நஷ்டமில்லை, சுடுகாட்டில் போய்ப் பார்த்துக்கொள்வார்கள். பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இந்தப் பக்கம் இல்லை. வீட்டு வாசலில் பார்த்தால்தான் அவர்களுக்குப் பார்வை. வாசல் இல்லாதவளைப் பொம்பளைகள் எங்கே பார்ப்பது?

இதற்கு வழி கண்டுபிடித்தவனே பலராமன்தான். சந்து போய்ச் சேருகிற மெயின்ரோட்டில் ஒரு பழைய நிழற்குடை இருந்தது. கட்டிக்கொடுத்த எம்.எல்.ஏ.வின் பெயர் எப்போதோ அழிந்துவிட்டது. ரோட்டை ஒருவழியாக்கிய பிறகு பஸ்ஸும் அந்தப் பக்கம் வருவதில்லை. காலையில் அங்கே இட்லி விற்றது. மத்தியானம் சீட்டாட்டம். மழைக்காலத்தில் சந்தின் ஈரத்துணி முழுக்க அதன் கம்பிகளில் காய்ந்தது. ஒரு மழை நாளில் பலராமனோடு தறி ஓட்டிய நெடுமாறன் செத்துப்போனான். அவனுடைய ஓனர் கேட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். பிணத்தை வைத்த ஐஸ் பெட்டியோடு நடுரோட்டில் நனைந்து நின்றபோது பலராமன்தான், நம்ம பஸ் ஸ்டாப்பு சும்மாத்தானே கிடக்குது என்று சொன்னான்.

அந்த நிழற்குடையின் சிமெண்ட் பெஞ்சு ஆளுக்கு அளவெடுத்துக் கட்டியது மாதிரி இருந்தது. தலைமாட்டில் விளக்கு வைக்கத் தோதாகச் சின்ன மேடை. சுற்றிப் பொம்பளைகள் உட்கார இடம். தப்படிக்கிறவர்கள் நிற்க நடைபாதை. அன்றைக்குக் கொளஞ்சி அழுத அழுகையில் எதிர்ப்பக்கம் பைக்கில் போனவர்கள்கூட வண்டியை நிறுத்திச் செருப்பைக் கழற்றினார்கள். அதற்குப் பிறகு சந்தில் வாசலில்லாதவர்கள் எல்லாருக்கும் அதுதான் வாசல். பிணம் போனதும் கொளஞ்சி ஒரு வாளி மஞ்சள்தண்ணீரை ஊற்றிப் பெஞ்சைத் தேய்த்துக் கழுவுவாள். மறுநாள் காலையில் அதே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாரும் இட்லி தின்பார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு ஊரை அழகாக்கப் புறப்பட்டார்கள். யாரோ ஒரு காண்ட்ராக்டரின் ஆட்கள் வந்து, இந்த இடத்தில் புது நிழற்குடை வரப்போகிறது, லைட் உண்டு, பஸ்ஸும் இனிமேல் நிற்கும் என்றார்கள். சந்துக்காரர்களுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. இருக்கிறதே இன்னும் நல்லதாக வரப்போகிறது என்றுதான் அத்தனை பேரும் நினைத்தார்கள். பலராமன் கற்பூரம் வாங்கி வந்து கொளுத்தினான். கொளஞ்சி இடிக்க வந்தவர்களுக்குச் சொம்பு நிறைய டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பெஞ்சைக் கொஞ்சம் அகலமாகப் போடுங்கள், பழையதில் குண்டான ஆள் என்றால் கை தொங்குகிறது என்று மேஸ்திரியிடம் எடுத்துச் சொன்னாள். மேஸ்திரி எதற்கென்று புரியாமலே தலையாட்டினான்.

வந்தது இரும்பும் கண்ணாடியும். மூன்று தனித்தனி இருக்கைகள், ஓட்டை போட்ட தகடு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் கைப்பிடிக் கம்பி. பின்னால் விளம்பரப் பலகையில் கழுத்து நிறைய நகையோடு ஒரு கல்யாணப்பெண் ராத்திரி பகல் சிரித்துக்கொண்டிருந்தாள். பஸ் நின்றது, அதைப் பொய் சொல்லக்கூடாது. ஆனால் அங்கே ஒரு குழந்தையைக்கூடப் படுக்கவைக்க முடியாது. ஐஸ் பெட்டியைக் கீழே வைக்கலாம் என்றால் எதிரிலேயே சிக்னல், அங்கே எந்நேரமும் ஒரு போலீஸ்காரர்.

புது நிழற்குடை வந்த பிறகு முதலில் செத்தவள் குஞ்சம்மாள். கொளஞ்சியோடு மண்டபத்தில் பாத்திரம் தேய்த்தவள். மகன்கள் நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக முடிவுசெய்து, பொம்பளைகள் பார்க்கட்டும் என்று வண்டியைச் சந்து முனையில் மெதுவாகப் போகச் சொல்லியிருந்தார்கள். சிக்னல் பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். வண்டி நிற்காமல் போய்விட்டது. முடியை அவிழ்த்துவிட்டபடி கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடிய கொளஞ்சி, மூச்சு வாங்கி நடுரோட்டில் நின்றாள். எடுத்த குரல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து வாந்தியெடுத்தாள். அழாத அழுகை என்று பலராமன் நினைத்தான். அது வயிற்றுக் கட்டி என்று கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

கட்டி தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. மழை முடிந்து பனி வந்தபோது கொளஞ்சி பாதி ஆளாகியிருந்தாள். பெருமூச்சு விடக்கூட யோசிக்கிற நிலைமையில் ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அவள் பலராமனைக் கிட்டே கூப்பிட்டாள்.

“யோவ், பொம்பளைங்க பாக்காம என்னைக் கொண்டு பூடாதய்யா. பூவிழி வர்ற வரைக்குமாச்சும் எங்கனா வச்சிரு.”

பூவிழி அவர்களுடைய ஒரே மகள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, கட்டிக்கொடுத்ததும் அங்கேயேதான். பலராமன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஓனரிடம் பேசிவிட்டேன், வீட்டு வாசலிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் என்றான். வாய் கூசாமல் வந்தது அந்தப் பொய். அவள் நம்பினாள். தெய்வசிகாமணி நல்ல மனுஷன் என்று ஓனரை வாழ்த்திவிட்டுத் தூங்கினாள்.

தெய்வசிகாமணி நல்ல மனுஷன்தான். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், மகன் பாரிசில் இருக்கிறான், வாடகையை நம்பிப் பிழைக்கிறவர் இல்லை. கொளஞ்சியைப் பார்க்க ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கே வந்தார். பலராமன் பேச்சை எடுக்கப் பார்த்த போதெல்லாம் அவர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். ஒருமுறை பலராமன் கேட்டேவிட்டபோது, அதெல்லாம் இப்ப எதுக்குப்பா, நல்லதையே நினை என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். அதற்கு அர்த்தம் தெரியாத வாடகைக்குடி உலகத்தில் இல்லை.

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொன்ன காலையில் பலராமனுக்கு ஒரு யோசனை வந்தது. பிணத்தைத்தானே விடமாட்டார்கள், உயிரோடு வருகிறவளை எப்படித் தடுப்பார்கள்? உயிரோடு கூட்டிக்கொண்டு போய் மேலே படுக்கவைத்துவிட்டால், அப்புறம் அவள் தன் வீட்டிலிருந்துதானே போவாள். நினைக்க நினைக்க அவனுக்குத் தெம்பு வந்தது. செத்துக்கொண்டிருக்கிறவளை வைத்துக்கொண்டு சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. பூவிழிக்குப் போன் போட்டுக் கிளம்பச் சொன்னான். நர்ஸம்மா முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, சீக்கிரம் போங்கள் என்று மட்டும் சொன்னார். சந்தில் ஆட்டோ ஓட்டும் வெற்றிவேல் வந்து அவளைத் தூக்கி உட்காரவைத்தான். கொளஞ்சி பலராமன் தோளில் சாய்ந்துகொண்டு, கோரிமேட்டிலிருந்து முதலியார்பேட்டை வரைக்கும் ஊரை வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டு கேட்டுக்கு முன்னால் தெய்வசிகாமணி நின்றுகொண்டிருந்தார். யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஆட்டோவுக்குள் குனிந்து பார்த்தார். பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. கேட்டின் மேல் வைத்த கையை எடுக்காமலே பேசினார்.

“பலராமா, எனக்கு ஒண்ணும் இல்லப்பா. நாலு குடி இருக்குது, அத்தினி பேரும் காலி பண்ணிட்டுப் பூடுவாங்க. ஆஸ்பத்திரியிலயே இருக்கட்டும். முடிஞ்சதும் வண்டிய நான் பாத்துக்கறன்.”

அதட்டவில்லை. அழுதுவிடுவார் போலத்தான் இருந்தார். நாம் அவர் இடத்தில் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்போம் என்று பலராமனுக்குத் தோன்றியது, அந்த நினைப்புதான் அவனை அடியோடு சாய்த்தது. காலில் விழலாம். விழுந்தாலும் நடக்காது. எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கொளஞ்சி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சொன்ன பொய்யும் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கோபிக்கக்கூட அவளிடம் தெம்பு இல்லை.

“நம்ம எடத்துக்குப் போய்யா” என்றாள்.

எந்த இடம் என்று அவனுக்கு விளங்கவில்லை. மெயின்ரோட்டுப் பக்கம் மோவாயை அசைத்துக் காட்டினாள். பத்து வருஷத்துக்கு மேல் அவள் மஞ்சள்தண்ணீர் ஊற்றிக் கழுவிய இடம்.

நடு இருக்கையில் அவளை உட்காரவைத்தார்கள். படுக்கவைக்கலாம் என்று வெற்றிவேல் முயற்சிசெய்து பார்த்தான். கைப்பிடிக் கம்பி விலாவில் குத்தி அவள் முனகினாள். கம்பியை ஆட்டிப் பார்த்து, அது அசையாததும் எட்டி ஒரு உதைவிட்டான். எதிர்ப்பக்கத்துப் போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். கடைசியில் பலராமன் தன் தோள்துண்டை அவள் மார்புக்குக் கீழே சுற்றி, முதுகுத் தகட்டின் ஓட்டைகளில் கோத்துக் கட்டினான். அவள் முன்னால் சரியாமல் இருந்தாள், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவன் தோள் கொடுத்தான். முந்தானையை இழுத்துப் போர்த்தியதும் துண்டு வெளியே தெரியவில்லை. பார்க்கிறவர்களுக்குப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு நோயாளி.

சந்தின் முதல் வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கும் நஜீமா ஓடிவந்தாள். கொளஞ்சிக்கு அவள் தங்கச்சி மாதிரி. பழைய நிழற்குடையில் எத்தனை சாவுக்கு இரண்டு பேரும் ராத்திரி முழுக்க டீ ஊற்றியிருக்கிறார்கள். என்ன அக்கா இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்க வந்தவள், கேட்கவில்லை. டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் வாங்கிவந்து அவள் உதட்டில் வைத்தாள். கொளஞ்சி ஒரு வாய் குடித்தாள். பூவிழி எங்கே வருகிறாள் என்று விசாரித்தாள். உளுந்தூர்பேட்டை தாண்டிவிட்டதாகப் போன் வந்தது என்று பலராமன் சொன்னான். இந்தத் தடவை அது நிஜம்.

பஸ்கள் வந்தன. வந்து நின்று போயின. இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் எப்போதோ அவன் தோளில் சாய்ந்திருந்த தலை கனத்தது. குடித்த டீ கடைவாய் வழியாக வழிந்தது. பலராமன் குனிந்து பார்த்தான், அவள் கண் ரோட்டைப் பார்த்தபடி இருந்தது. அவனுக்கு வாய் திறந்துகொண்டது. அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கத்துப் போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இந்தப் பக்கம் பார்த்தார். பொது இடத்தில் செத்தால் கேஸ், கேஸ் என்றால் அறுப்பார்கள், அறுத்துக் கட்டிக் கொடுப்பதற்குள் பூவிழி வந்து எதைப் பார்ப்பாள்? பலராமன் திறந்த வாயை மூடிக்கொண்டான். அவள் முந்தானை நுனியால் டீயைத் துடைத்தான். கையைக் கொண்டுபோய் இமைகளை மெல்லத் தாழ்த்திவிட்டான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, பஸ் வருகிற திசையைப் பார்த்தான்.

நஜீமா பார்த்துவிட்டாள். அவள் கை தானாகவே நெஞ்சுக்குப் போனது. பலராமன் தலையை மட்டும் ஆட்டினான், வேண்டாம் என்று.

“பூவிழி வந்துடட்டும் நஜீமா.”

அவள் நெஞ்சிலிருந்த கையை இறக்கினாள். பிறகு சந்துக்குள் போனாள். அவள் என்ன சொன்னாளோ தெரியாது, பொம்பளைகள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். கையில் கூடையோடு ஒருத்தி, பையோடு ஒருத்தி, எங்கேயோ கிளம்பினவர்கள் மாதிரி. வந்து கொளஞ்சிக்கு மறுபக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள். அவள் கையைத் தொட்டார்கள். தொட்டதும் ஒவ்வொரு முகமும் ஒருமுறை இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான். சாவு வீட்டில் பொம்பளைகள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவார்கள். இங்கே நடுவில் கம்பி. அடுத்தவள் வந்ததும் முதலில் வந்தவள் எழுந்து, போய்விடாமல் நடைபாதையில் நின்றாள். நிழற்குடை நிறைந்துவிட்டது. பொதுவாகச் சாவு வீட்டில் முகம் காட்டிவிட்டு நழுவுகிறவள்கூட அன்றைக்கு நின்றாள். நாலு பேருக்கு மேலேயே வந்துவிட்டார்கள், கத்தத்தான் ஒருத்தர் இல்லை.  தெருவில் அத்தனை பேருக்கும் அழுது தீர்த்தவள் கொளஞ்சி. அவளுக்காக ஒரு விசும்பல் விழுந்தால்கூட ஆபத்து என்று காவல் காக்கிறவன் கட்டின புருஷன்.

ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. இவ்வளவு கூட்டம் நின்றுகொண்டிருக்க ஒருத்தரும் ஏறாததைப் பார்த்துக் கண்டக்டருக்கு எரிச்சல். ஏறுகிறீர்களா இல்லையா, அந்த அம்மாவை எழுப்புங்கள் என்று படியில் நின்று கத்தினார். வெற்றிவேல் போய், வேற பஸ்ஸுக்கு நிக்கறாங்க, நீங்க போங்க என்று சொல்லி அனுப்பினான். பின்னாலிருந்த விளம்பரக் கல்யாணப்பெண்ணுக்கு விளக்கு எரிய ஆரம்பித்தது. அந்த வெளிச்சத்தில் கொளஞ்சியின் முகம் கொஞ்சம் தெளிந்ததுபோலக்கூட இருந்தது.

அடுத்த பஸ்ஸில் பூவிழி வந்தாள். ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. பஸ் நிற்கும் முன்பே குதித்து இறங்கி, பையை நடைபாதையில் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவள் முகத்தில் அத்தனை சிரிப்பு.

“அம்மா, எழுந்து உக்காந்துட்டியா” என்றாள்.

 நின்றிருந்த பொம்பளைகள் எல்லாரும் ரோட்டைப் பார்த்தார்கள். நஜீமா முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டாள். பூவிழி அம்மாவுக்கு முன்னால் முழங்கால் போட்டு, மடியிலிருந்த கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். வைத்த கையை எடுத்துப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். தொண்டையிலிருந்து அந்தக் குரல் கிளம்பியது. கொளஞ்சியின் குரல் அது, தெருமுனையிலிருந்தே எழும்புகிற அதே குரல். மகளுக்கு அது வந்திருப்பது பலராமனுக்கு அன்றுவரை தெரியாது. பாதி வருவதற்குள் அவன் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினான்.

“கத்தாத பாப்பா. அம்மாவைக் கொண்டு பூடுவாங்க.”

அவன் உள்ளங்கைக்கு அடியில் அது முட்டிக்கொண்டே இருந்தது. சிக்னலில் நின்ற போலீஸ்காரர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தார். பலராமன் கையை எடுக்கவில்லை.